வளையும் மின்வடத்தில் நீர்க்காப்பு: கட்டபெர்ச்சா முதல் வெப்பச்சுருக்கக் குழாய் வரை

அசையாமல் கிடக்கும் மின்வடத்துக்கு நீர் புகாத உறையிடுவது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கைவந்துவிட்ட தொழில். அதே வடம் ஓயாமல் வளைந்து நிமிரும் என்றால் அவ்வுறை எத்தனை காலம் தாங்கும் என்பது இன்னும் முற்றத் தீராத கேள்வி. நீரைத் தடுக்க இடைவெளியற்ற இறுக்கம் வேண்டும். வளைவதற்கோ உள்ளிருக்கும் கம்பியிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர இடம் வேண்டும். ஒன்றுக்கொன்று பகையான இவ்விரு தேவைகளுக்கிடையே செய்துகொண்ட சமரசங்களே இத்துறையின் வரலாறு. அதை உறைப்பொருள்களின் வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. வடங்கள் பழுதான விதத்தை உற்றுநோக்கினால், உறையின் உடலைவிட இணைப்புகளும் முனைகளுமே நீருக்கு வாசலாக இருந்தமை புலப்படும்.

முதலில் கைகொடுத்தது கட்டபெர்ச்சா. இலுப்பையும் சப்போட்டாவும் சேர்ந்த தாவரக் குடும்பத்தில் மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலை உறையவைத்துப் பெறும் இப்பொருளைச் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் இலண்டனுக்கு அனுப்பிவைத்தார். வெந்நீரில் மாவுபோல் இளகி, ஆறியதும் கெட்டிப்படும் அதன் இயல்பைப் பயன்படுத்தி, 1847-இல் வெர்னர் சீமென்ஸ் செம்புக் கம்பியின்மீது தையலே இல்லாத உறையை அழுத்திப் பிழியும் பொறியை அமைத்தார். முறுக்கு உரலின் செயலை ஒத்ததே அது. வேறுபாடு, பிழியும் துளையின் நடுவே கம்பி ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான். 1850 ஆகஸ்டில் டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே இவ்வாறு உறையிட்ட ஒற்றைக் கம்பி, வேறு கவசம் ஏதுமின்றிக் கடலில் இடப்பட்டுச் சிறிது நேரமே உழைத்தது. மறு ஆண்டில் சணலும் பத்து இரும்புக் கம்பிகளும் சுற்றி இடப்பட்ட வடம் நிலைத்து நின்றது. நீரைத் தடுப்பது ஓர் அடுக்கின் வேலை, இழுவையையும் உராய்வையும் தாங்குவது மற்றோர் அடுக்கின் வேலை என்ற பகுப்பு இங்கே தொடங்கியது எனலாம்.

அட்லாண்டிக் வடங்களில் சிக்கல் உள்ளே திரும்பியது. 1858-ஆம் ஆண்டு வடத்தின் கடத்தி, ஏழு மெல்லிய செம்புக் கம்பிகளைப் புரியாக முறுக்கிச் செய்யப்பட்டது; வளையும்போது ஒன்று அறுந்தாலும் மற்றவை மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் என்பதே புரியின் பயன். ஆனால் ஏழு கம்பிகளுக்கிடையே நீளவாக்கில் ஓடும் இடுக்குகள், ஒரு முனையில் ஈரம் பட்டால் அதை நுண்புழைக் கவர்ச்சியால், அதாவது விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சும் அதே விதத்தில், உறைக்குள்ளேயே நெடுந்தூரம் இழுத்துச் செல்லக்கூடியவை. கடல்மைலுக்கு 107 ராத்தல் செம்பும் 261 ராத்தல் கட்டபெர்ச்சாவும் கொண்ட அவ்வடம் வேறு பல குறைகளும் சேர்ந்து சில வாரங்களில் ஊமையானது. 1866-இல் வெற்றிபெற்ற வடத்தில் செம்பு 300 ராத்தலாகவும் கட்டபெர்ச்சா 400 ராத்தலாகவும் உயர்ந்தன என்பதையே நூல்கள் விரித்துரைக்கின்றன. அதைவிடக் குறிப்பிடத்தக்கது, கட்டபெர்ச்சா, தார், பிசின் ஆகியவற்றைக் கலந்த சாட்டர்டன் கலவை கம்பிகளின் இடுக்குகளை நிரப்பியதும், உறையின் நான்கு அடுக்குகளையும் கடத்தியோடும் ஒன்றோடொன்றும் ஒட்டவைத்ததும் ஆகும். நீர் நடந்துசெல்லும் பாதையை அடைப்பது என்ற கருத்து அதில் தெளிவாக வெளிப்பட்டது.

இணைப்புக்காரரின் கைவேலையிலேயே அக்கருத்து சோதனைக்குள்ளானது. இரு முனைகளின் செம்பைச் சரிவாகச் சீவி, பொருத்திப் பற்றவைத்து, மெல்லிய கம்பியால் கட்டி, இருபுறத்துக் கட்டபெர்ச்சாவையும் சாராய விளக்கின் சிறு சுடரில் இளக்கி, விரலால் இழுத்து நடுவில் சேர்ப்பார். அதன்மேல் கலவை, அதன்மேல் புதிய தகடு, கடைசியாகச் சூட்டுக்கோலால் வழித்தல். ஒரு துளி வியர்வையோ விரலின் எண்ணெய்ப்பசையோ அடுக்குகளுக்கிடையே சிக்கினால் அவை ஒட்டாது. பழுது அன்றே தெரியாமல், ஆழ்கடலின் அழுத்தத்தில் பின்னர் வெளிப்படும். கட்டபெர்ச்சா பிறந்த வட்டாரமான சிங்கப்பூரைப் பினாங்கு வழியாகச் சென்னையோடு 1871-இல் இணைத்த கடல்வடமும் இத்தகைய கைகளையே நம்பியிருந்தது.

கட்டபெர்ச்சா வெப்பத்தில் இளகும், காற்றில் உலர்ந்து நொறுங்கும். அடிக்கடி வளையும் வடத்துக்கு அது உதவாது. ரப்பர் வளையும், ஆனால் அதை உறுதியாக்கச் சேர்க்கும் கந்தகம் செம்பை அரித்துக் கருக்கியது. அதனால்தான் ரப்பர் உறையிட்ட செம்பிழைகளுக்கு வெள்ளீயம் பூசும் வழக்கம் வந்தது. வளைந்தபடியே நிற்கும் ரப்பரில் மற்றொரு நோயும் உண்டு: வளைவின் வெளிப்புறம் இழுபட்டு நிற்பதால், காற்றிலுள்ள ஓசோன் அந்த இடத்தைத்தான் முதலில் தாக்கி, இழுவைக்குக் குறுக்கே வெடிப்புகளை உண்டாக்கும். 1930-இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு கண்டறிந்த நியோப்ரீன், ஓசோனையும் எண்ணெயையும் தாங்கியதால் இக்குறையைப் பெரிதும் தணித்தது. காரீய உறையின் கதை வேறு. நீராவிகூடப் புகாத காரீயம், பாலங்களின் அதிர்விலும் மீண்டும் மீண்டும் வரும் சிறு வளைவிலும் உலோகக் களைப்புற்று, மணிமணியாகப் பிளந்தது. ஆன்டிமணி சிறிதளவு சேர்த்து அதைக் கடினமாக்கினார்கள். எனினும் ஓயாமல் வளையும் வடத்துக்குக் காரீயம் என்றுமே உகந்ததாக இருக்கவில்லை.

1933-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் கிடைத்த பாலிஎத்திலீன், மின்காப்பில் மற்றவற்றை மிஞ்சியது. ஆனால் எந்தப் பசையும் எளிதில் பற்றாத வழுவழுப்பு அதன் பிறவிக்குணம். உறை நீரைத் தடுத்தது, முனையோ திறந்தே நின்றது. நீராவி எந்திரத்தின் தண்டைச் சுற்றித் திணிக்கும் அடைப்பிலிருந்து பிறந்த கிளாண்டு, கருவிப் பெட்டிக்குள் வடம் நுழையுமிடத்தில் அதைச் சுற்றி ரப்பர் வளையத்தை நெருக்கி இறுக்கும். ஆனால் வடம் அங்கேயே வளைந்தால் வளையத்தின் ஒரு பக்கம் நெருக்குண்டு, மறுபக்கத்தில் மயிரிழை இடைவெளி திறக்கும். வெப்பமான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்த இடைவெளி வழியே நீரை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. பெட்டிக்கு வெளியே படிப்படியாக மெலியும் ரப்பர் உறை ஒன்றைக் கோத்து, வளைவை அடைப்பிலிருந்து தள்ளி நிறுத்துவதே இதற்குக் கண்ட வழி. 1957-இல் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் பரப்பிய வெப்பச்சுருக்கக் குழாய், கதிர்வீச்சால் மூலக்கூறுகள் பிணைக்கப்பட்டு விரித்து வைக்கப்பட்ட நெகிழிக் குழாய். சூடுபட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கி, உட்புறம் பூசிய உருகுபசையால் வடத்தைக் கவ்வும். சாதாரண சிலிகான் பசையைக் கொண்டு அடைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: உலரும்போது அதில் வீசும் புளிக்காடி வாடை அசெட்டிக் அமிலத்தினுடையது, அது செம்பை அரிக்கும்.

இன்று வளையும் வடம் நீருக்கடியிலுள்ள கருவிக்குள் நுழையுமிடத்தில், ஒவ்வொரு கம்பியின் புரியையும் தனியே பிரித்து, ஈயப்பற்று இடுக்குகளை நிரப்பும்வரை உருக்கி ஊற்றுவதும், புரியை அங்கேயே வெட்டித் திண்ணிய பித்தளை ஊசி ஒன்றை இடையே வைத்து அதைச் சுற்றி ரெசின் வார்ப்பதும் வழக்கமாயுள்ளன. உறை எங்கேனும் கிழிந்தாலும் நீர் அந்த ஊசிவரை வந்து நிற்கும். 1866-இல் சாட்டர்டன் கலவை செய்த அதே வேலையை அங்கே பித்தளை செய்கிறது.