முரசுக் கட்டிலும் ஒரு தந்தியும்

நம் கொல்லிக் கூற்றத்தில் அதியமானை வென்றவன் பெருஞ்சேரல் இரும்பொறை. அவனது வீரமுரசு வைக்கும் கட்டிலில், இன்னதென்று அறியாமல், களைப்பில் படுத்து உறங்கிவிட்டார் புலவர் மோசிகீரனார். அந்தக் குற்றத்துக்கு வாள்தான் தண்டனை. அரசனோ அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், அவர் விழிக்கும்வரை கவரி வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு அந்த நன்றியில் பிறந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பள்ளியில் கேட்ட கதை இதற்கு நேர்மாறு. 1870 ஜூலை 13 அன்று, எம்ஸ் நகரில் பிரஷ்ய மன்னர் வில்ஹெல்ம், பிரெஞ்சுத் தூதர் பெனெதெத்தியின் கோரிக்கையை ஏற்கவில்லை. அந்தத் தந்தியைப் பிஸ்மார்க் வேண்டுமென்றே சுருக்கி, கடுமையாகத் தொனிக்கும்படி வெளியிட்டார். மன்னர் 'அட்ஜுடன்ட்' மூலம் பதில் சொல்லியனுப்பினார் என்று அதில் இருந்தது. ஜெர்மனில் அது மன்னரின் உடனிருக்கும் உயர் அதிகாரி. பிரெஞ்சில் ஏறக்குறைய அதே சொல், சார்ஜன்ட் போன்ற கீழ்நிலை ஆள். நம் தூதருக்கு இப்படி ஒருவனா பதில் சொல்வது என்று பாரிஸ் கொதித்தது. 19ஆம் தேதி போர் அறிவிப்பு. மூன்றாம் நெப்போலியனின் முடியும் போயிற்று, அல்சாஸும் போயிற்று.

படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஒரு கோப்பில் சக ஊழியர் 'விளக்கம் தேவை' என்று எழுதியதைக் குற்றச்சாட்டாக எண்ணி, மூன்று வருஷம் அவரோடு பேசவில்லை. அவர் ஓய்வு பெற்ற நாளில்தான் கேட்டேன். அந்தக் கணக்கு அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையாம்.

எங்கள் மேஜைகளுக்கு நடுவே பத்தடி தூரம்தான்.