இனாமாக வந்த பால் பவுடர்

வேலை நிமித்தமாக பரோடா வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனந்துக்குப் போனேன். பக்கத்து கிராமம் ஒன்றில் சாயங்காலப் பால் ஊற்ற வந்த பெரியவரிடம், என் அரைகுறை ஹிந்தியில் "இந்த சொசைட்டி யாருடையது?" என்று கேட்டேன். "எங்களுடையது" என்றார் சட்டென்று. ஊரில் இருபது வருஷம் சொசைட்டிக்குப் பால் ஊற்றிய என் அப்பாவைக் கேட்டிருந்தால் "கவர்மெண்ட்டோடது" என்றிருப்பார். பணம் வரத் தாமதமானால் யாரைக் கேட்பது என்றே அவருக்குத் தெரியாது.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில்தான் வெளிநாட்டு உதவியின் கதை இருக்கிறது.

1945-ல் பம்பாய்க்கு இந்தப் பக்கத்துப் பாலை வாங்கி அனுப்பும் உரிமை பால்சன் என்ற தனியார் பால்பண்ணைக்குப் போனது. விவசாயிகள் சர்தார் படேலிடம் முறையிட்டார்கள். நீங்களே சங்கம் வைத்து விற்றுக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனை. 1946-ல் பதினைந்து நாள் யாரும் பால் ஊற்றவில்லை. அந்த வருஷம் டிசம்பரிலேயே கேடா மாவட்டச் சங்கம் பதிவானது. தலைவர் திரிபுவன்தாஸ் படேல், காங்கிரஸ்காரர். நம்ம சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த குரியன் 1949-ல்தான் ஆனந்துக்கு வருகிறார். ஆக, அரசியல் முதலில், நிபுணர் பிறகு!

1960-களின் கடைசியில் ஐரோப்பாவில் பால் பவுடரும் வெண்ணெயும் மலை போல் தேங்கிக் கிடந்தன. அதை இங்கே இனாமாகக் கொட்டினால் என்ன ஆகும்? நகரத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நம் விவசாயியின் பால் விலை பாதாளத்துக்குப் போகும். மலிவான பால் கொடுத்து நகரத்தில் நல்ல பேர் வாங்குவது எந்த அரசியல்வாதிக்கும் சுலபம்.

1970-ல் தொடங்கிய 'ஆபரேஷன் ஃப்ளட்' வேறு வழியில் போனது. உலக உணவுத் திட்டம் மூலம் 1,26,000 டன் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் தருவதாக ஏற்பாடு. அதை இனாமாகக் கொடுக்காமல் பாலாக்கி, உள்ளூர் விலையை இடிக்காமல் பம்பாய், கல்கத்தா, டில்லி, மெட்ராஸில் விற்றார்கள். அந்தப் பணத்தில் பால்பண்ணைகளும் கிராமச் சங்கங்களும் வளர்ந்தன. ஓட்டும் சங்கமும் கையில் வைத்திருந்த விவசாயிகள் ஏற்கெனவே இருந்ததால்தான் இது எடுபட்டது என்பது என் கருத்து. 1964-ல் பிரதமர் சாஸ்திரியே வந்து இங்கே ஒரு கிராமத்தில் ராத்தங்கினார். அடுத்த வருஷம் தேசிய பால்வள வாரியம் வந்தது, அதுவும் டில்லியில் இல்லை, ஆனந்தில்.

இந்தியா ஐரோப்பியப் பவுடருக்கு அடிமையாகிவிடும் என்று 1980-களில் கடுமையான விமர்சனம் எழுந்தது. திட்டம் 1996-ல் முடிந்தது, சில வருஷங்களில் பால் உற்பத்தியில் இந்தியா உலகில் முதலிடத்துக்கு வந்தது. எல்லாப் புகழும் உதவிக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் அதே திட்டம் மற்ற மாநிலங்களுக்கும் போனது. பல இடங்களில் சங்கத் தேர்தல் நடக்காமல் அதிகாரிகளே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பால் விலையைக் கோட்டையில் முடிவு செய்தார்கள். கட்டடமும் குளிர்பதன மெஷினும் வந்து சேர்ந்தன. "எங்களுடையது" என்ற அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

அதை எந்த நாடும் கப்பலில் அனுப்ப முடியாது. அப்பா கடைசி மாட்டையும் விற்று வருஷங்கள் ஆகின்றன. இப்போது ஊரிலும் பாக்கெட் பால்தான் வாங்குகிறார்.