பட்சிகளுக்காக வாங்கிய பண்ணை

பறவைகளைக் காண்பதற்கென்றே கோஸ்ட்டா ரிக்கா தேசத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், அங்கே தெற்கே எல் ஹெனரால் பள்ளத்தாக்கில், அக்கினி நிற அலகுள்ள சிறிய டூக்கன் ஒன்றின் பெயரால் 'லோஸ் குசிங்கோஸ்' என வழங்கும் பண்ணையையும் நாடிச் செல்வதுண்டு. 1941-ல் அதை வாங்கியவர் பால்ட்டிமோர் நகரில் பிறந்த அலெக்ஸாண்டர் ஸ்கட்ச்.

தாவர சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் பெற்று, வாழையை ஆராயப் பனாமாவுக்குச் சென்றிருந்த அவர், ஜன்னலுக்கு வெளியே ரீங்காரச் சிட்டு ஒன்று கூடு கட்டி அடைகாப்பதைக் கண்டார். வெப்ப மண்டலப் பறவைகளின் தோல்களைப் பொருட்காட்சிசாலைகள் நிறைய வைத்திருந்தனவே ஒழிய, அவை குடும்பம் நடத்தும் விதத்தை எழுதிவைத்தவர்கள் சொற்பம் என்பது தெரிந்ததும், ஆயுள் முழுவதையும் அந்த ஒரு காரியத்துக்கே அர்ப்பணித்துவிட்டார். செடிகளைச் சேகரித்து விற்று ஜீவனம் செய்தாரேயன்றி, பட்சிகளைச் சுட்டு அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை.

சோளமும் அவரையும் வாழையும் பயிரிட்டு, மாமிசம் தவிர்த்து, மின்சாரமில்லாத வீட்டில், 1950-ல் மணந்த பமீலா அம்மையாருடன் பல்லாண்டுகள் வாழ்ந்த அவருடைய ஆராய்ச்சிச் சாதனங்கள் நோட்டுப் புத்தகமும் பொறுமையும்தாம். கூட்டுக்கு அருகில் அசையாமல் அமர்ந்து, எந்தப் பறவை எப்போது வந்தது, எதைக் கொணர்ந்தது என்று மணிக்கணக்கில் குறித்தார். பெற்றோரல்லாத பறவைகளும் குஞ்சுகளுக்கு இரை ஊட்டி உதவும் அதிசயத்தைப் பண்ணை வாங்குவதற்கு முன்பே, 1935-ல், இம்முறையால் கண்டு வெளியிட்டிருந்தார். விஞ்ஞானிகள் அதன் மதிப்பை முழுமையாக உணரப் பல வருஷங்கள் சென்றன.

இத்தனை ஜீவகாருண்யம் உடையவர் பாம்புகளை மட்டும் மன்னிக்கவில்லை. முட்டையையும் குஞ்சையும் விழுங்க வருபவற்றைப் பண்ணையிலிருந்து ஒழிக்கவே முனைந்தார். இயற்கையில் ஒரு பட்சம் சார்ந்து நிற்பது ஆராய்ச்சியாளனுக்குத் தகாது என்பாரின் வாதம் நியாயமானதே. ஆயினும் ஒரு கூட்டின் சரித்திரத்தை முதல் முட்டையிலிருந்து தினந்தோறும் எழுதிவந்தவன், அது ஒரே இரவில் சூனியமாவதைக் கண்டு நடுநிலை வகிக்க வேண்டுமென்று வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அவர் செய்த பெரிய உபகாரம் வேறொன்று. பள்ளத்தாக்கெங்கும் வனம் அழிந்து காப்பித் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் பரவிய காலத்தில், பண்ணையின் பெரும்பகுதியைக் காடாகவே விட்டுவைத்தார். பலகையில் அவர் வைத்த வாழைப்பழத்துக்காக அக்காட்டுப் பறவைகள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. 1989-ல் ஸ்டைல்ஸ் என்பவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பறவை வழிகாட்டி நூல் பிரயாணிகளின் கைகளில் நிலைபெற்றது. 1993-ல் பண்ணையை வெப்பமண்டல விஞ்ஞான நிலையம் ஒன்றிடம் ஒப்புவித்த பின்பும், நூறாவது வயது நிறைய எட்டு நாட்கள் இருக்கையில் 2004-ல் காலமாகும் வரை, அவர் அங்கேயே வசித்தார்.