வளைவுச் சாலையின் வெளிவிளிம்பு உயர்வு

வெளிவிளிம்பு உயர்வு என்பது வளைவுகளில் சாலையின் வெளிப்புற விளிம்பை உட்புற விளிம்பைவிட உயர்த்தி அமைக்கும் முறையாகும். வண்டி திரும்பத் தேவையான மையநோக்கு விசையின் ஒரு பகுதியை இச்சரிவு அளிக்கிறது. வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் பழனி மலையில் ஏறி, பெருமாள்மலையில் இணைந்து, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலை அடையும் சாலைகளின் வளைவுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இயற்பியல்

சமதளச் சாலையில் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே வண்டியைத் திருப்புகிறது. சாலை சரிந்திருந்தால், தரை வண்டியின்மீது செலுத்தும் எதிர்விசை வளைவின் மையத்தை நோக்கிச் சாய்கிறது. அதன் கிடைக்கூறு உராய்வுக்குத் துணையாகிறது.

மணிக்குக் கிலோமீட்டரில் அளந்த வேகத்தின் இருபடியை, மீட்டரில் அளந்த ஆரத்தின் 127 மடங்கால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணைக் குறுக்குச் சரிவும் பக்க உராய்வுக் குணகமும் சேர்ந்து ஈடுசெய்தாக வேண்டும். (3.6 இன் இருபடியை 9.8 ஆல் பெருக்கினால் 127.) இதில் நிறை இடம்பெறாது, பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் கணக்கு ஒன்றே. கவிழ்தல் வேறு கணக்கு. ஈர்ப்பு மையம் உயரமாக உள்ள பேருந்து சறுக்கும் முன்பே கவிழக்கூடும்.

கொண்டை ஊசி வளைவுகள்

இந்தியச் சாலைகள் காங்கிரசின் நெறிமுறைப்படி, கொண்டை ஊசி வளைவின் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ.; உள்வளைவின் குறைந்தபட்ச ஆரம் 14 மீட்டர்; பனி உறையாத மலைச்சாலைகளில் சரிவு 10 விழுக்காட்டிற்கு மிகக்கூடாது. பக்க உராய்வுக் குணகம் 0.15 எனக் கொள்ளப்படுகிறது.

இவ்வளைவில் 20 கி.மீ. வேகத்திற்குத் தேவை 0.225, சரிவும் உராய்வும் சேர்ந்து தருவது 0.25. அதாவது 21 கி.மீ. வரையே கணக்கு ஒத்துவருகிறது. 30 கி.மீ. வேகத்தில் தேவை 0.51 ஆக, இரு மடங்கிற்கும் மேல் உயர்கிறது. உலர்ந்த சாலையில் டயரின் உண்மையான பிடிப்பு 0.15 ஐவிட மிகுதி என்பதாலேயே பலர் இவ்வேகத்திலும் தப்பிவிடுகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மிச்சம் சுருங்குகிறது. இறக்கத்தில் வளைவுக்குள் பிரேக்கு அழுத்தினால், திரும்புவதற்கான பிடிப்பின் ஒரு பங்கை அதுவும் எடுத்துக்கொள்கிறது. எனவே வளைவுக்கு முன்பே, ஏறும்போது பயன்படுத்தும் தாழ்ந்த கியருக்கு மாறி வேகத்தைக் குறைக்க வேண்டும்.

சரிவை மேலும் கூட்டாதது ஏன்?

பாடநூல்கள் பெரும்பாலும் உராய்வற்ற சாலையின் சமன்பாட்டை முதன்மைப்படுத்துவதால், ஒரு வளைவுக்கு ஒரே வேகம்தான் சரி என்ற எண்ணம் மாணவர்க்கு ஏற்படுகிறது. மேற்கண்ட வளைவில் உராய்வின் உதவியே தேவைப்படாத வேகம் ஏறத்தாழ 13 கி.மீ. மட்டுமே. சுமையேற்றிய சரக்குந்து அதற்கும் மெதுவாக ஏறும்போது உட்புறம் சாய்கிறது. அப்போது உராய்வு திசைமாறி, வண்டி உட்புறம் சரியாமல் தடுக்கிறது. சரிவு மிகுந்தால் விரைந்து இறங்கும் மகிழுந்துக்கு நன்மை. ஊர்ந்து ஏறும் சரக்குந்துக்கோ ஆபத்து. இரண்டும் ஒரே சாலையில் செல்ல வேண்டியிருப்பதால் சரிவுக்கு உச்ச வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.