நாலு மடிப்பு, ரெண்டு தையல், ஒரு குப்பாயம்

கோடைக்கு ஒரு டாப்ஸ் தைக்கிறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்லை. ஒன்றரை மீட்டர் பருத்தித் துணி, ஒரு கத்தரிக்கோல், ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம். இங்கே அகமதாபாத்தில் மே மாசம் வெயில் 43, 44 டிகிரின்னு ஏறும்போது, உடம்பை ஒட்டாம காத்து உள்ளே போய் வர்ற சட்டையா இருந்தாத்தான் பிழைக்க முடியும். ஒரு காலத்துல மில்லுகளுக்குப் பேர்போன ஊர். பருத்தித் துணிக்கு இன்னமும் பஞ்சமில்லை. அதனால சித்திரை பொறந்ததும் நம்ம வீட்டுத் தையல் மெஷினுக்கு உறை கழண்டுடும்.

துணியை முதல்ல தண்ணியில் ஊறவச்சுக் காயப்போட்டுடுங்க. பருத்தி சுருங்கும். அப்புறம் குறுக்கே ஒரு மடிப்பு, அதுதான் தோள். நீளவாக்கில் இன்னொரு மடிப்பு. நாலு அடுக்கு ஆச்சா? எல்லா மடிப்பும் சேர்ற மூலைதான் கழுத்து. பேப்பர் பேட்டர்ன் எல்லாம் நமக்கு எதுக்கு? ஜாக்கெட் தைக்கக் குடுக்கும்போது கூடவே 'அளவு ஜாக்கெட்' ஒண்ணையும் குடுத்தனுப்பற பரம்பரை நாம. பொண்ணோட பழைய சட்டை ஒண்ணைப் பாதியா மடிச்சு மேலே வச்சு, ரெண்டு விரல் தள்ளிக் கோடு போட்டு வெட்டினாப் போதும். கை தனியாக் கிடையாது, உடம்போடயே வந்துடும். கைநுனியில் ஆரம்பிச்சு அக்குள் வழியா இடுப்பு வரைக்கும், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டே தையல். கழுத்துக்கு கிராஸ் பீஸ். கீழே ஓரம் மடிச்சு அடிச்சா முடிஞ்சுது.

தகராறு ஒரே இடத்துலதான். அக்குள். கையைத் தூக்கினா அங்கே இழுக்கும், நாலு தரம் தோய்ச்சா தையல் விட்டுடும். இந்தப் பக்கத்துப் பழைய குர்தாக்கள்ல இதுக்கு வைத்தியம் இருக்கு. கையும் உடம்பும் சேர்ற இடத்துல ஒரு சின்னச் சதுரத் துண்டை மூலைவாட்டில் வச்சுத் தைச்சிருப்பாங்க. துணி மூலைவாட்டில்தானே இழுத்துக் குடுக்கும்? அந்தக் குர்தா ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க, வளைவான வெட்டு அநேகமா இருக்காது. செவ்வகம், முக்கோணம், சதுரம், அவ்வளவுதான். தறியில் துணி எவ்வளவு அகலமோ அதை வீணாக்காம வெட்டினது. டொரான்டோ மியூசியத்துல இருந்த டாரதி பர்ன்ஹாம் 1973ல 'கட் மை கோட்'னு ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க. பல நாட்டுச் சட்டைகளையும் அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சு, சட்டையோட வெட்டைத் தீர்மானிக்கிறதுல தறியோட அகலத்துக்கு எவ்வளவு பங்குன்னு படம் போட்டுக் காட்டியிருப்பாங்க. தையலில் ஆசை இருக்கறவங்க தேடிப் பிடிச்சுப் பாருங்க.

இந்தத் தடவை துணி வெட்டும்போது பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு, "பாட்டியோட பாட்டி எல்லாம் இதைத்தான் போட்டாங்களா?"ன்னு கேட்டா. எங்க சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எங்க பாட்டி கடைசி வரைக்கும் ரவிக்கையைக் குப்பாயம்னுதான் சொல்லுவாங்க. அந்தக் குப்பாயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. கொஞ்சம் ரத்தமும் கண்ணீருமான சரித்திரம்.

அப்போ நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்துல இருந்தது. உயர்ந்த சாதிக்காரங்க முன்னாடி மேலாடையை விலக்கறதுதான் மரியாதைன்னு ஊர் வழக்கம். நாடார் பெண்களும் அவங்களுக்குக் கீழேன்னு வைக்கப்பட்டவங்களும் மார்பை மறைக்கவே கூடாது. லண்டன் மிஷன்காரங்க வந்து, நாடார்கள்ல பலர் கிறிஸ்தவத்துக்கு மாறின பிறகுதான் பிரச்சினை வெடிச்சது. கர்னல் மன்றோ 1814ல ஒரு உத்தரவு போட்டார். மதம் மாறின பெண்கள், சிரியன் கிறிஸ்தவப் பெண்கள் மாதிரி குப்பாயம் போட்டுக்கலாம். ஆனா நாயர் பெண்கள் மாதிரி தோள்சீலை போடக்கூடாது. மிஷன் வீட்டு அம்மாமார்கள் தொளதொளன்னு ஒரு சட்டையைக் கையாலேயே தைக்கச் சொல்லிக் குடுத்தாங்க. கையாலேன்னா நிஜமாவே கைதான். எலியாஸ் ஹோ தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினதே 1846ல, சிங்கர் வாங்கினது 1851ல.

(சிங்கர்னதும் ஒரு குட்டித் தகவல். யந்திரம்னாலே முகம் சுளிச்ச காந்தி, 1924ல ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு குடுத்தார். பெண்டாட்டி கஷ்டப்படறதைப் பார்க்கப் பொறுக்காம சிங்கர் கண்டுபிடிச்சதாம்! நிஜ சிங்கருக்குப் பல குடும்பம், இருபதுக்கு மேல பிள்ளைங்க. யார் மேல இருந்த பாசமோ! கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாடி, 1947ல, திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்தை ஆரம்பிச்சவர்.)

விஷயத்துக்கு வரேன். நான் ரொம்ப நாள் யோசிச்சது ஒண்ணு: அரசாங்கம் ஏன் தைச்ச சட்டையை விட்டுட்டு, தைக்காத துணியைத் தடுத்தது? உடம்பை நல்லா மறைக்கறது சட்டைதானே? எனக்குத் தோணறது, மறைக்கறதைப் பத்தி அங்கே யாருக்கும் அவ்வளவு கவலை இல்லை. தோள்ல ஒரு துண்டுத் துணி கிடந்தா அது அந்தஸ்து. குப்பாயம் போட்டா, இவ இன்ன ஆள்னு நாலு தெரு தள்ளியே தெரிஞ்சுடும். அந்த வித்தியாசம் தெரியறவரைக்கும் அவங்களுக்குச் சம்மதம்தான்.

பெண்களுக்கும் இது புரியாம இல்லை. குப்பாயத்தைப் போட்டுக்கிட்டு அதுக்கு மேலே தோள்சீலையையும் போட ஆரம்பிச்சாங்க. 1822ல கல்குளம் பக்கம் கலகம். 1828, 29ல மறுபடி. சந்தையில் பெண்களோட துணி கிழிக்கப்பட்டது, பள்ளிக்கூடமும் கோயிலும் கொளுத்தப்பட்டது. 1829ல வந்த அறிக்கையும் அதே பல்லவிதான்: குப்பாயம் சரி, தோள்சீலை கூடாது. 1858, 59ல மூணாவது தடவை பத்திக்கிட்டபோது சென்னை கவர்னர் ட்ரெவெல்யன் நெருக்கினார். 1859 ஜூலை 26ந்தேதி உத்திரம் திருநாள் மகாராஜா, எல்லா நாடார் பெண்களும் குப்பாயமோ, முரட்டுத் துணியோ போட்டு மார்பை மறைச்சுக்கலாம்னு அறிவிச்சார். அதுலயும் ஒரு 'ஆனா' உண்டு: உயர்ந்த சாதிப் பெண்கள் உடுத்தற மாதிரி உடுத்தக்கூடாது! அப்போ திவானா இருந்தவர் கும்பகோணத்துல பொறந்த மாதவராவ். அவரேதான் பின்னாடி 1875ல நம்ம பக்கத்து பரோடாவுக்கும் திவானா வந்தார்.

இதையெல்லாம் நான் சொல்லணும்னு அவசியமே இருந்திருக்காது. 2006ல வந்த என்சிஇஆர்டி ஒன்பதாம் வகுப்பு சரித்திரப் புத்தகத்துல உடையைப் பத்தியே ஒரு பாடம் இருந்தது, அதுல இந்தக் கதையும் உண்டு. டில்லியில் வளர்ந்த எங்க அக்கா பையன் அதைப் படிச்சுட்டுத்தான் நாகர்கோவிலைப் பத்தி முதல் தடவையா என்கிட்ட கேள்வி கேட்டான். 2016 டிசம்பர்ல, அந்தப் பகுதியிலிருந்து தேர்வுல கேள்வி வராதுன்னு சிபிஎஸ்இ சொல்லிடுச்சு. 2019ல பாடச்சுமையைக் குறைக்கறதாச் சொல்லி பாடத்தையே எடுத்துட்டாங்க. தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ற நம்ம பிள்ளைங்க சொந்த ஊர்ப் பேரைத் தங்களோட பாடப் புத்தகத்துல பார்க்கறதே அபூர்வம். என் பொண்ணு இப்போ ஒன்பதாவது. அவ புத்தகத்துல அது இல்லை.

கழுத்துக்கு கிராஸ் பீஸ் அடிச்சுக்கிட்டே அவளுக்கு முழுசும் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக் குடுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. கடைசியில், "அப்போ சண்டை சட்டைக்கு இல்லை, துப்பட்டாவுக்குத்தானாம்மா?"ன்னா.

ஏறக்குறைய அதேதான்னேன்.