நன்னூலும் நம் பிள்ளைகளின் ஆங்கிலமும்

ஆங்கிலம் பிழையில்லாமல் எழுத வேண்டுமானால் தமிழ் இலக்கணத்தைக் கட்டி வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் பழவங்காடி, சாலைப் பகுதியில் வாழும் நம்மில் பலரிடம் உண்டு. "மலையாளமும் இங்கிலீஷும் படிச்சாப் போதும், தமிழ் வீட்டுப் பேச்சோட நிக்கட்டும்" என்பார்கள். இது சரிதானா என்று சற்றுப் பார்ப்போம்.

நன்னூலை இயற்றியவர் பவணந்தி முனிவர் என்னும் சமணத் துறவி. மூன்றாம் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தில், கங்க மரபினனான சீயகங்கன் வேண்டியபடி செய்தார். பாயிரத்தோடு சேர்த்து 462 நூற்பாக்கள். சமணர் நூல் என்று பிறர் ஒதுக்கவில்லை. சைவரான சங்கர நமச்சிவாயர் உரை கண்டார். சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காண்டிகையுரை எழுதினார்.

பிழையின்றி எழுதுதல் முதற்படி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுக்கிறது நன்னூல். ஆங்கில ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கும் பிழைகள் பல இவற்றுள் அடங்கும். 'ஹீ கோஸ்', 'தே கோ' என்பதைப் பாருங்கள். எழுவாய் மாறினால் வினையும் மாறுகிறது. தமிழில் 'அவன் போகிறான்', 'அவர்கள் போகிறார்கள்'. மலையாளத்திலோ அவன் ஆனாலும் அவர் ஆனாலும் 'போகுன்னு' ஒன்றுதான். இவ்வூர் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய ஏ. ஆர். ராஜராஜவர்மா, தம் கேரளபாணினீயத்தில் (1896, திருத்திய பதிப்பு 1917) இதற்குப் 'புருஷபேத நிராசம்' என்று பெயரிட்டார். தமிழிலிருந்து மலையாளம் வேறுபட்ட ஆறு வழிகளில் இதுவும் ஒன்று என்றார். மலையாளத்துக்கு அது குறையல்ல, இயல்பு. ஆனால் எழுவாயையும் வினையையும் பொருத்திப் பார்க்கும் பழக்கம் நம் பிள்ளைக்கு வீட்டுத் தமிழிலேயே கையிருப்பாக இருக்கிறது. அதை ஏன் வீணாக்கணும்?

ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' போன்றவற்றுக்கு நன்னூலில் விதி தேட முடியாது. அவற்றை ஆங்கிலத்திலேயேதான் பயில வேண்டும்.

அடுத்த படி தெளிவு. நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூற் பாயிரம் எண்ணிச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்க வைத்தல் முதலியன குற்றம். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் முதலியன அழகு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க், தம் மாணவர்க்காக 1918-இல் ஒரு சிறு நூல் அச்சிட்டார். வேண்டாத சொல்லை நீக்குக என்பது அதன் புகழ்பெற்ற விதி. நம் ஏட்டில் அது மிகைபடக் கூறல் என்று முன்பே குற்றப் பட்டியலில் ஏறியிருக்கிறது.

வியாபாரிக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 'துவரை, உளுந்து பத்து மூட்டை அனுப்பவும்' என்று கடிதம் போனால் என்ன ஆகும்? வகைக்குப் பத்தா, இரண்டும் சேர்த்துப் பத்தா? இது மயங்க வைத்தல். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே மயக்கம்தான். 'துவரை பத்து மூட்டை, உளுந்து பத்து மூட்டை' என்றால் இரண்டு சொல் கூடும். ஆனால் மிகை ஆகாது. சுருக்கம் விளக்கத்தைத் தின்றுவிடக் கூடாது. அதனால்தான் சுருங்கச் சொல்லலை அடுத்து விளங்க வைத்தலை நிறுத்தினார்கள் என்பது அடியேன் கருத்து.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இங்கே தங்கிவிட்ட நாம் பிள்ளைகளின் பிழைப்புக்கு ஆங்கிலத்தை நம்பினோம். அதில் தப்பில்லை. அதற்காகத் தமிழை விட்டால், பிள்ளை இரண்டு மொழியிலும் அரைகுறையாக நிற்கும். நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நன்னூற் பாயிரத்தையும், வழுக்களைச் சொல்லும் பொதுவியலையும் நடத்தலாம். பிள்ளைகள் எழுதிய ஆங்கிலக் கடிதம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே நடத்தலாம். பெரியோர் இதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.