சிறையும் சட்டமும் – 14: கம்பெனி மேல் வழக்குப் போட்ட காமாட்சிபாய்

பீகார்க் கைதி ஒருவர் அரசாங்கத்திடம் நஷ்டஈடு வாங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். பீகாருக்குப் புறப்பட்ட தொடர் தஞ்சாவூரிலேயே இறங்கிவிட்டது. காரணம், அரசியல் சட்டத்தின் 300-வது பிரிவு. அரசின் மேல் எந்த அளவுக்கு வழக்குப் போடலாம் என்று கேட்டால், முன்பு எப்படியோ அப்படியே என்று அது பின்னால் கைகாட்டும். அந்தத் திசையில் நடந்தால் 1858-ம் ஆண்டுச் சட்டம், அதற்கும் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி. கம்பெனி என்றதும் எனக்குக் காமாட்சிபாய் ஞாபகம்தான் வருகிறது.

1855 அக்டோபர் 29-ல் சரபோஜியின் மகனான தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலம், ஆண் வாரிசில்லாத ராஜ்யத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். ஆனால் பிடுங்குவதற்கு ராஜ்யம் ஏது? 1799 உடன்படிக்கையிலேயே காவிரிப் பாசன நெல் சீமை முழுக்கக் கம்பெனி வசம் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும்தான். ஆகவே சொந்தச் சொத்தின் மேல் கண் விழுந்தது. 1856 அக்டோபரில் அதிகாரி ஃபோர்ப்ஸ் பட்டாளத்தோடு அரண்மனைக்குள் நுழைந்தார். நகைநட்டு, நிலபுலன் எல்லாம் கம்பெனி பிடிக்குள் வந்தன. மன்னரின் சொந்தச் சொத்து எது, சர்க்கார் சொத்து எது என்று பிரித்துப் பார்க்கவும் இல்லை. இதை ஜப்தி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, கொள்ளை.

மூத்த ராணி காமாட்சிபாய் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனி மேலேயே வழக்குத் தொடுத்தார். அது நடந்துகொண்டிருந்தபோதுதான் வடக்கே சிப்பாய்க் கலகம் வெடித்தது. அந்த நேரத்தில், கணவரை இழந்த ஓர் அரண்மனைப் பெண், நாட்டை ஆளுகிறவர்களைக் கோர்ட்டில் நிறுத்தி ஜெயிக்கவும் செய்தார்! வீரம் என்றால் வாள்தான் என்று நினைக்கும் நம் சரித்திர நாவலாசிரியர்கள் இவரை ஏன் விட்டார்களோ.

அப்பீல் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அதற்குள் கம்பெனி ஆட்சியே முடிந்து, பிரதிவாதி இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி ஆகியிருந்தார். 1859-ல் கிங்ஸ்டவுன் பிரபு தீர்ப்புச் சொன்னார். சொத்தை எடுத்ததற்குச் சட்ட உரிமை எதையும் காண்பது மிகக் கடினம் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு, இது அரசு என்ற ஹோதாவில் செய்த காரியம், நியாயமோ அநியாயமோ கோர்ட் தலையிட முடியாது என்று வழக்கைத் தள்ளிவிட்டார். 1862-ல் சென்னை சர்க்காரே சொத்தைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. கொடுத்தது தயவு, கேட்டது உரிமை. அப்புறம் ராணிகள் தங்களுக்குள் ஹைகோர்ட் ஏறியது தனிக் கதை.

வேற்றரசர் விஷயத்தில் எழுந்த இந்த வாதம் சொந்தக் குடிமக்களிடம் செல்லாது. ஆனால் அதன் பங்காளி வாதம், அதாவது ராஜ்ய அதிகாரத்தில் செய்ததற்குப் பொறுப்பில்லை என்பது, சுதந்திர இந்தியாவிலும் உயிரோடு இருந்தது. போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஏட்டு ஒருவர் சுருட்டிக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடினார். 1964-ல் உச்ச நீதிமன்றம், சொந்தக்காரரான கஸ்தூரிலால் நிறுவனத்துக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றது.

பக்கம் தீர்ந்துவிட்டது. நான் சொல்ல வந்த பீகார்க் கைதி ருதுல் ஷா 1968-ல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை சிறையிலேயே கிடந்தார். 1983-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஏற்கெனவே தந்த 5,000 போக 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இழப்பு முழுவதற்கும் தனியே சிவில் வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது. அந்த வழக்குக் கட்டு அடுத்த இதழில். தஞ்சாவூர்ப் பக்கம் திரும்ப மாட்டேன்.